தேங்காயெண்ணெயும் ஒரு சிட்டிகை பச்சைப் பொடியும்

கேள்வி: கொழும்பில் இரசாயனம் சிறப்புப் பட்டம் படிக்கிறேன். தேங்காயெண்ணெயை வைத்து ஒலிபீன் மெட்டாதீசிஸ் செய்ய விருப்பம். ஆய்வுகூடத்தில் குளோவ் பொக்ஸ் (காற்றுப்படாமல் வேலைசெய்யும் பெட்டி) இல்லை. புதிய ஊக்கிகளில் எது சரிவரும்?

பதில்: ஊக்கியைப் பிறகு பார்ப்போம், முதலில் எண்ணெயை மாற்றுங்கள். இரண்டு மூலக்கூறுகள் தங்கள் இரட்டைப் பிணைப்பில் பிரிந்து பாதிகளை மாற்றிக்கொள்வதுதான் இந்தத் தாக்கம். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிரம்பிய கொழுப்பு, அதாவது இரட்டைப் பிணைப்பே இல்லாதது. மாற்றிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. ஒலெயிக் அமிலம் கூடிய ஒலிவ் எண்ணெயை மெதைல் எசுத்தராக்கித் தொடங்குங்கள்.

சரி, ஊக்கி. வேதியியலாளர் ஷ்ரொக்கின் மொலிப்டினம் ஊக்கிகளுக்குக் காற்றும் ஈரமும் ஆகாது. அவற்றை மெழுகில் பொதிந்து மாத்திரையாக்கும் வழி பின்னால் வந்தது என்றாலும், உங்களுக்கு ருத்தேனியம்தான் நல்லது. இரண்டாம் தலைமுறை ஹொவெய்டா–கிரப்ஸ் ஊக்கி பச்சை நிறப் பொடி. திறந்த மேசையிலேயே நிறுக்கலாம். ஆனால் ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடன் போத்தலைத் திறக்காதீர்கள். கொழும்புக் காற்றில் உள்ளே வேர்த்துவிடும். அறை வெப்பநிலைக்கு வரட்டும்.

அண்மைய முன்னேற்றம் என்றால் வளைய அல்கைல் அமினோ காபீன் என்ற, உலோகத்தோடு பிணையும் சேதனத் தொகுதியைத் தாங்கிய ருத்தேனிய ஊக்கிகள். மெதைல் ஒலியேற்றை (ஒலெயிக் அமிலத்தின் மெதைல் எசுத்தர்) எத்திலீனால் வெட்டும்போது பழைய ஊக்கிகள் சீக்கிரம் செத்துப்போகும். இவையோ 2015இல் ஊக்கி மூலக்கூறு ஒன்றுக்கு ஒரு லட்சம் தாக்கச் சுற்றுகளைத் தாண்டின. எத்திலீன் சிலிண்டரும் அழுத்தக் கலமும் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகவேண்டாம். எசுத்தரைத் தன்னோடு தானே தாக்கமுற விடுங்கள். கரைப்பானே தேவையில்லை, மெல்லிய சூடு போதும். 18 காபன் ஐதரோகாபனும் 18 காபன் இரட்டை எசுத்தரும் கிடைக்கும். பாதியளவு மாறியதும் நின்றுவிடும். அது சமநிலை, ஊக்கியின் குற்றமல்ல.

உண்மையான எதிரி, காற்றுப்பட்டு உருவாகும் பரவொட்சைட்டு. நாள்பட்ட எசுத்தரில் அது சேர்ந்து ஊக்கியைத் தின்றுவிடும். மாதக்கணக்கில் திறந்துகிடந்த எசுத்தரைப் போட்டுவிட்டு நானும் ஒருகாலத்தில் ஊக்கியைத் திட்டியிருக்கிறேன். செயலாக்கிய அலுமினா நிரலில் எசுத்தரை வடித்து, நைதரசனைக் குமிழவிட்டு, அப்புறம் ஊக்கியைப் போடுங்கள். இரட்டைப் பிணைப்பு இடம்மாறிக் கலவை குழம்பினால் கொஞ்சம் பென்சோகுயினோன் உதவும்.

முடிந்ததும் சில துளி எதைல் வைனைல் ஈதர் விட்டு ஊக்கியை அடக்குங்கள். மறந்தால், மாதிரி ஜீசி (வாயு நிறப்பகுப்பு) கருவிக்கான வரிசையில் காத்திருக்கும்போதும் உள்ளே தாக்கம் நடந்துகொண்டிருக்கும்.