சிவப்புப் புள்ளிகளும் உங்கள் மகளின் பாடத் தேர்வும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் நீங்களும் உங்கள் மகளும் என்னைப் பார்க்க வந்திருந்தபோது நமது பேச்சு ஓரிடத்தில் நின்றுபோயிற்று. இயற்பியல் படித்து வானியற்பியலுக்குப் போக விரும்புவதாக மகள் சொன்னதும், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டுபிடித்த சிவப்புப் புள்ளிகளைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். "படித்தவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதுவும் முடிவாகாத ஒரு துறையில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு நான் எதை நம்பி இருப்பது?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால், உங்கள் மகள் எதை முதலில் படிக்க வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதற்கான விடையை அந்தக் கருத்து வேறுபாட்டிலிருந்தே நான் எடுத்துக்கொள்கிறேன்.

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கி 2022 ஜூலையில் பணியைத் தொடங்கியதிலிருந்து, அதன் அகச்சிவப்புப் படங்களில் மிகச் சிறிய சிவந்த புள்ளிகள் நூற்றுக்கணக்கில் தென்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் 150 கோடி ஆண்டுகளைச் சேர்ந்தவை. விண்மீன் திரள்களை ஆராய்வோர் இவை திரள்களே என்று கொண்டு, அவற்றின் நிறத்தையும் ஒளிர்வையும் கொண்டு அவற்றிலுள்ள விண்மீன்களின் நிறையைக் கணக்கிட்டார்கள். ஐவோ லபே குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட ஒரு பொருளின் நிறை 10,000 கோடி சூரியன்கள் அளவுக்கு இருக்கலாம் என்று கணக்கு வந்தது. அவ்வளவு விண்மீன்கள் உருவாக அன்றைய அண்டத்துக்கு வயது போதாது. கருந்துளைகளை ஆராய்வோரோ நிறமாலையில், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் பதிவில், ஹைட்ரஜனின் கோட்டைப் பார்த்தார்கள். அது மெல்லிய கோடாக இல்லாமல் இருபுறமும் அகன்று விரிந்திருந்தது. வாயு வினாடிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுழன்றால்தான் கோடு அப்படி அகலும் என்று கருதி, இவை கருந்துளைகளே என்றார்கள். யோரிட் மத்தே குழுவினர் 2024இல் வெளியிட்ட கட்டுரைதான் 'சிறு சிவப்புப் புள்ளிகள்' என்ற பெயரை நிலைபெறச் செய்தது. ஆயினும் சுற்றியுள்ள வாயுவை விழுங்கும் கருந்துளையிடம் எதிர்பார்க்கும் எக்ஸ் கதிர்கள் பெரும்பாலும் வரவே இல்லை.

இந்த இடத்தில் உங்கள் மகள் ஒரு வரைபடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். இப்புள்ளிகள் சிலவற்றின் நிறமாலையில், செம்பெயர்ச்சியை (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீள்வதை) கழித்துப் பார்த்தால், 3,646 ஆங்ஸ்ட்ராம் (சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) அலைநீளத்துக்கு அருகே ஒளி மலையின் விளிம்பிலிருந்து விழுவதுபோல் சட்டென்று இறங்குகிறது. விண்மீன்களின் வெளியடுக்கிலுள்ள ஹைட்ரஜன் ஒளியை உறிஞ்சுவதால் இப்படி நேரும் என்பது பழைய பாடம்; ஆகவே திரள்களை ஆராய்ந்தவர்கள் அந்த இறக்கத்தை விண்மீன்களின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். கருந்துளையைச் சுற்றி அடர்த்தியான ஹைட்ரஜன் வாயு போர்த்தியிருந்தாலும் இதே இறக்கம் வரும் என்று கோஹெய் இனாயோஷியும் ராபர்ட்டோ மயோலினோவும் காட்டினார்கள். 2025இல் அன்னா டி கிராஃப் குழுவினர் ஆராய்ந்த ஒரு பொருளில் இறக்கம் மிகவும் செங்குத்தாக இருந்ததால் அதற்குச் 'செங்குத்துப் பாறை' என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள். சாதாரண விண்மீன் கூட்டம் எதுவும் அந்த வடிவத்தைத் தரவில்லை, வாயுப் போர்வைக்குள் இருக்கும் கருந்துளையே பொருந்தி வந்தது. எக்ஸ் கதிர்கள் வராததற்கும் அந்தப் போர்வை ஒரு காரணமாகலாம். எல்லாப் புள்ளிகளும் இப்படித்தானா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

ஐயா, இதில் நான் கவனிப்பது ஒன்றுதான். விண்மீனின் வளிமண்டலத்துக்காகப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட இயற்பியல், கருந்துளைக்குப் பொருந்தியிருக்கிறது. இவர்களில் எவரும் கல்லூரியில் சிவப்புப் புள்ளிகளைப் படித்திருக்க முடியாது. ஆகவே இளநிலையிலேயே 'விண்வெளி' என்ற சொல் ஒட்டிய பட்டப்படிப்பு எதையும் தேட வேண்டாம். அத்தகைய விளம்பரங்களைப் பார்த்து மாணவர்கள் அடித்தளம் இல்லாமல் நிற்பதைக் கண்டு பலமுறை வருந்தியிருக்கிறேன். குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல், புள்ளியியல் இயற்பியல், கணிதம், பைத்தான் நிரலாக்கம் ஆகியவற்றை ஒழுங்காகச் சொல்லித்தரும் இடமே தேவை. திரளா, கருந்துளையா, விண்மீனா என்பதை முதுநிலையில் முடிவு செய்துகொள்ளலாம்.

வழிகள் மூன்று. ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பு ஒன்று. உங்கள் மகள் கணினி அறிவியல் குரூப் எடுத்திருப்பதால் தகுதி இல்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். இயற்பியல், வேதியியல், கணிதம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம். ஐசர் நுழைவுத் தேர்வின் 60 கேள்விகளில் 15 உயிரியல் கேள்விகள் என்பதால், மற்ற மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான். ஐஐடிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு மதிப்பெண்ணைக் கொண்டு, திருவனந்தபுரத்திலுள்ள இந்திய விண்வெளி அறிவியல், தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டியில் பொறியியல் இயற்பியலுக்கு முயல்வது இரண்டாவது. நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேர்வது மூன்றாவது, செலவு குறைவான இதை நான் இரண்டாம்தரமாகக் கருதவில்லை.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதுநிலைக்குப் பின் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், அத்துடன் வீட்டு வாடகைப் படியும் உண்டு என்பதால் அப்போது நீங்கள் பணம் அனுப்ப வேண்டியிருக்காது. ஆனால் நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு. முப்பது வயதைத் தாண்டியும் காத்திருப்போர் இருக்கிறார்கள். இடையில் வெளியேறுவோர் கைவசம் தரவுப் பகுப்பாய்வுத் திறன் இருப்பதால் வங்கி, மென்பொருள் துறைகளில் வேலை பெறுகிறார்கள். இதை மகளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஜேம்ஸ் வெப் தரவுகளில் பெரும்பகுதியை இணையத்தில் எவரும் இலவசமாகப் பெறலாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு புள்ளியின் நிறமாலையைப் பதிவிறக்கி, பைத்தானில் வரைந்து, ஹைட்ரஜன் கோடு எங்கே அகன்றிருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாம் மூவரும் அடுத்த முறை பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்