46 வயதில் வேலை போச்சு, 4,000 சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) எதில் போடுவது?

அண்ணே, 20 வருட அச்சக வேலை போன கையோடு, வாரக் கடைசி ஏஐ வகுப்பு ஒன்றுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் (தொழில்திறன் பயிற்சிக்கு அரசு தரும் தொகை) 4,000 வெள்ளியைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் போட்ட அந்தத் தொகைக்குக் காலக்கெடு கிடையாது, ஆனால் எல்லா வகுப்புக்கும் செல்லாது, அதனால் முதலில் மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் அந்த வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டு நாள் சான்றிதழை நம்பி யாரும் வேலை தரமாட்டார்கள். இயந்திரத்தோடு பழகிய கை உங்களுடையது, ஆட்டோமேஷன், பராமரிப்புப் பக்கம் முழுநேரப் படிப்பு கிடைக்குமா என்று தேடுங்கள். வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்பீர்கள், சரி, அதற்குத்தான் 2025 முதல் பயிற்சிப் படித்தொகை வந்திருக்கிறது: கடைசி 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி, மாதம் அதிகபட்சம் 3,000 வெள்ளி, வாழ்நாளில் மொத்தம் 24 மாதம். தேர்ந்தெடுத்த முழுநேரப் படிப்புகளுக்குத்தான் இது, சேர்வதற்கு முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், கிரெடிட்டைக் காசாக்கித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம் சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளில் நுழையும் கணக்கு) விவரத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.