முதல் புரோகிராமை எதில் எழுதுவது?

கேள்வி: பி.சி.ஏ. முதலாண்டு படிக்கிறேன், பைத்தான் ஆரம்பித்திருக்கிறேன். புரோகிராம் எழுத சீனியர் அக்கா பைசார்ம் என்ற மென்பொருளைப் போடச் சொல்கிறார். யூடியூபில் எல்லோரும் விஎஸ் கோட்தான் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுப் பார்த்தேன், ஒரு பிரிண்ட் வரிகூட ஓடவில்லை, பைத்தானே இல்லை என்கிறது. லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். என்ன செய்வது?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை. விஎஸ் கோட் அடிப்படையில் ஒரு எடிட்டர். எழுதியதை ஓட்டுகிற பைத்தானைத் தனியாக நிறுவ வேண்டும், அப்புறம் பைத்தான் எக்ஸ்டென்ஷன் சேர்க்க வேண்டும், விண்டோஸ் என்றால் பைத்தான் இன்ஸ்டாலரின் முதல் திரையில் 'பாத்' என்று வரும் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் மறுபடியும் இதே பிழை வந்து நிற்கலாம். ஃபார் லூப்பே இன்னும் பிடிபடாத நேரத்தில் இந்த அலைச்சல் எதற்கு?

தானி (Thonny) என்ற எடிட்டரைப் போடுங்கள். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகவே உருவாக்கியது, இலவசம், பைத்தானும் கூடவே வந்துவிடும், 4 ஜிபி தாராளமாகப் போதும். நான் இதைச் சொல்ல முக்கியக் காரணம், புரோகிராமைப் படிப்படியாக ஓட்டிப் பார்க்க உதவும் அதன் டீபக்கர்தான். கன்ட்ரோல் எஃப்5 அழுத்திவிட்டு எஃப்7-ஐ ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள், ஒரு வரிக்குள்ளேயே எந்தப் பகுதி முதலில் கணக்காகிறது, என்ன மதிப்பு வருகிறது என்று கண் முன்னால் மாறிக்கொண்டே வரும், வேரியபிள் எல்லாம் பக்கத்தில் தெரியும். ஃபேக்டோரியலை ரிகர்ஷனில், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கிற முறையில், எழுதி ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு அழைப்புக்கும் தனி ஜன்னல் திறந்து, விடையோடு ஒவ்வொன்றாக மூடும். போர்டில் எத்தனை முறை வரைந்து காட்டினாலும் புரியாதவர்களுக்கு இதில் புரிந்துவிடுகிறது.

பைசார்ம் நல்ல கருவிதான், ஆனால் 8 ஜிபி ரேம் கேட்கும். இப்போது வேண்டாம். புரோகிராம் நாலைந்து ஃபைலாகப் பிரிந்து, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) பழக வேண்டிய கட்டம் வரும்போது விஎஸ் கோடுக்கு வாருங்கள். வந்ததும், கோடை எழுதித் தரும் ஏஐ உதவியாளரான கோப்பைலட்டின் பரிந்துரைகளைக் கொஞ்ச நாளைக்கு அணைத்து வையுங்கள், நீங்கள் யோசிப்பதற்குள் அது எழுதி முடித்துவிடும், உங்களுக்கு யோசிக்கும் பழக்கமே வராது.

கேள்வி: வீட்டில் ஓடும் சி++ புரோகிராம் கல்லூரி லேபில் டர்போ சி++-இல் ஓடவில்லையே?
- வாசகர், கரூர்

பதில்: போர்லண்ட் நிறுவனம் டர்போ சி++-ஐ வெளியிட்டது 1990களின் தொடக்கத்தில், சி++-க்குத் தரநிலை வந்தது 1998-இல். அதனால்தான் அங்கே ஐஓஸ்ட்ரீமுக்குப் பின்னால் '.ஹெச்' கேட்கிறது, 'யூசிங் நேம்ஸ்பேஸ்' வரியைப் பார்த்தால் பிழை சொல்கிறது. லேப் தேர்வுக்கு மட்டும் அந்த முறையில் எழுதுங்கள். வீட்டில் சி++ எழுத கோட் பிளாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும், இறக்கும்போது பெயரில் 'மிங்டபிள்யூ' என்று இருக்கிற ஃபைலையே எடுங்கள், மற்றதில், எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர் இருக்காது.