பழைய பாவங்களை நினைவுகூர்வது விசுவாசத்தில் நிலைத்திருக்க உதவும் என்று வேதாகமம் சொல்கிறதா?

உதவும் என்றுதான் சொல்கிறது. ஆனால் நினைவுகூர்வதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் அதுவே காட்டுகிறது. இதற்கு நெகேமியாவின் புத்தகத்தை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

யூதேயாவின் அதிபதியான நெகேமியாவின் தலைமையில் எருசலேமின் அலங்கம் (மதில்) 52 நாட்களில் கட்டி முடிக்கப்பட்ட பின், ஏழாம் மாதம் 24ஆம் தேதியில் ஜனங்கள் உபவாசித்து, துக்கத்தின் அடையாளமாக இரட்டுடுத்தி, தலையில் புழுதியைப் போட்டுக்கொண்டு கூடி, பகலில் கால்பங்கு நேரம் நியாயப்பிரமாணத்தை வாசிக்கவும் மற்றொரு கால்பங்கு நேரம் பாவங்களை அறிக்கையிடவும் நின்றார்கள். 9ஆம் அதிகாரத்தில் உள்ள அந்த ஜெபம், வனாந்தரத்தில் வார்ப்பித்த கன்றுக்குட்டியையும், எகிப்துக்குத் திரும்பிப்போகத் தலைவனை ஏற்படுத்திய பிடிவாதத்தையும், தீர்க்கதரிசிகளைக் கொன்றதையும் மறைக்காமல் வரிசையாகச் சொல்லி, பிதாக்களின் குற்றத்தைத் தங்கள் குற்றமாகவும் ஏற்றுக்கொள்கிறது. அடுத்த அதிகாரத்தில் அவர்கள் உடன்படிக்கை எழுதி முத்திரையும் போடுகிறார்கள்: அந்நியரோடு பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை, ஓய்வுநாளில் சரக்கு வாங்குவதில்லை, தேவனுடைய ஆலயத்தைக் கைவிடுவதில்லை.

பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன என்பது என் வருத்தம். 13ஆம் அதிகாரத்தில், பெர்சிய ராஜாவான அர்தசஷ்டாவின் 32ஆம் வருஷத்தில் அவனிடத்திற்குப் போன நெகேமியா சில காலம் கழித்துத் திரும்பி வரும்போது, கொடுத்த வாக்கு ஒவ்வொன்றும் மீறப்பட்டிருக்கிறது. ஆலயத்தில் காணிக்கைகளும் தூபவர்க்கமும் இருந்த அறையில், அலங்கம் கட்டுவதை எதிர்த்த அம்மோனியனான தொபியாவின் தட்டுமுட்டுகள் கிடக்கின்றன. தங்களுக்குரிய படி (பங்கு) கிடைக்காத, ஆலயப் பணி செய்யும் லேவியர் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். தீரு பட்டணத்தார் ஓய்வுநாளில் மீன் விற்கிறார்கள்.

நெகேமியா இன்னொரு உபவாசக் கூட்டம் கூட்டவில்லை. தொபியாவின் சாமான்களை வெளியே எறிந்தான். பண்டகசாலைகளுக்கு உண்மையுள்ளவர்கள் என்று பெயர்பெற்றவர்களை விசாரணைக்காரராக வைத்தான். ஓய்வுநாளுக்கு முன் மாலைமயங்கும்போதே வாசல்களைப் பூட்டவைத்து, தன் வேலைக்காரர் சிலரைக் காவல் நிறுத்தினான். வெளியே இராத்தங்கிய வியாபாரிகளையும் எச்சரித்து விரட்டினான்.

ஆயினும் அவன் பழைய பாவத்தைப் பேசாமல் விடவில்லை. அந்நிய ஸ்திரீகளைச் சேர்த்துக்கொண்டவர்களைக் கடிந்துகொள்ளும்போது, தேவனுக்குப் பிரியமாயிருந்த சாலொமோனையே அப்படிப்பட்ட மனைவிகள் பாவஞ்செய்யப்பண்ணினார்களே என்று கேட்கிறான். 9ஆம் அதிகாரத்தின் ஜெபம் நூற்றாண்டுகளின் பாவங்களை ஒரே மூச்சில் சொன்னது. இங்கோ ஒரே மனிதனின் ஒரே பாவம், அதே பாவத்தைச் செய்துகொண்டிருப்பவர்களின் முகத்துக்கு நேராகச் சொல்லப்படுகிறது. இப்படி நினைவுகூர்வதே பயன்தரும் என்பது என் கருத்து.