துவக்கை எதில் சாத்திச் சுடுவது?

தம்பி, ஒன்ராறியோவுக்கு வந்து மூன்று வருடம், லைசன்ஸ் எடுத்தாயிற்று, .308 றைபிளும் வாங்கியாயிற்று, றேஞ்சுக்கும் (சுட்டுப் பழகும் திடல்) நவம்பர் மான் வேட்டைக்கும் சேர்த்து ஒரே தாங்கியாக எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கடைக்காரர், துவக்கைப் பொருத்தி எடை ஏற்றி வைக்கும் இரும்புச் சட்டம் ஒன்றைக் காட்டினாராம்.

அதை வாங்க வேண்டாம். நானும் முதல் வருடம் அதைத்தான் வாங்கினேன். தோளில் உதை தெரியாது, உண்மைதான். ஆனால் துவக்கு பின்னால் நகர முடியாமல் நிற்பதால் அந்த உதை முழுவதும் துவக்கின் கட்டையிலும், ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கியின் பிடியிலும் இறங்கும். எடையைக் கூட்டிக் கூட்டி வைத்தால் மரக்கட்டை வெடிக்கவும் கூடும். அதோடு, அந்தப் பாரத்தைக் காட்டுக்குள் யார் தூக்குவது? றேஞ்சில் மூன்று சன்னமும் ஒரே இடத்தில் விழுந்த பெருமையில் வேட்டைக்குப் போனேன். எழுபது மீற்றரில் மான் நின்றது. சாத்த ஒன்றுமில்லை, கை நடுங்கியது, தவறிவிட்டது. காயப்படாமல் ஓடியதே பெரிய ஆறுதல்.

றேஞ்சுக்கு வேண்டியது இரண்டு பைகள் மட்டுமே: முன்கட்டைக்கு ஒன்று, தோளில் வைக்கும் பிடங்குக்கு அடியில் ஒன்று. மண்மூட்டை என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஊரிலிருந்த சென்றி, அதாவது காவலரண்தான் நினைவுக்கு வரும். இது முழங்கை நீளம்கூட இல்லாத சின்னப் பை. வெறும் பையாக வாங்கி, உள்ளே பிளாஸ்ரிக் மணிகளைப் போடுங்கள். ஈர மண் போட்டால் குளிரில் கல்லாகிவிடும். குழலைப் பையில் வைக்காதீர்கள், முன்கட்டை மட்டும்தான் படவேண்டும். குழல் தொட்டால் சன்னம் இடம் மாறும். வெறும் மேசை விளிம்பிலும் சாத்தக் கூடாது. கடினமான பரப்பில் துவக்கு துள்ளும், குறி பெரும்பாலும் மேலே போகும். பின்பையை இடக்கையால் மெல்லப் பிசைந்தால் குறி மயிரிழையாக ஏறி இறங்கும், அந்தச் சுகமே தனி. ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக் குறியை நகர்த்தும்போது ஒரு கிளிக் என்பது பெரும்பாலானவற்றில் நூறு மீற்றருக்கு ஏழு மில்லிமீற்றர்தான். கை ஆடினால் நீங்கள் திருத்துவது ஸ்கோப்பை அல்ல, உங்கள் நடுக்கத்தை.

காட்டுக்கு ஷூட்டிங் ஸ்டிக், அதாவது துவக்கைச் சாத்தும் கவட்டுத் தடி. இரண்டு கால் போதும், இருந்து சுடலாம், நடக்கும்போது ஊன்றுகோலாகவும் ஆகும். மூன்று கால் உறுதியானது, ஆனால் விரிக்கும் சத்தத்துக்கு மான் நிற்காது. துவக்கிலேயே பூட்டும் இரட்டைக் காலான பைபொட்டைப் பலரும் சொல்வார்கள். பரந்த வயல்வெளியில் படுத்துச் சுட அது நல்லது. இங்கே புல்லும் விழுந்த மரமும் மறைக்கிற இடத்தில் படுத்தால் மான் எங்கே தெரியப்போகிறது? அரைக் கிலோ சுமைதான் மிச்சம். ஒன்றும் இல்லாத நேரத்தில் முதுகுப்பையை மரக்குற்றியில் வைத்துச் சாத்தினாலும் வேலை நடக்கும். நான் கடைசியாக எடுத்த மான் அப்படித்தான்.

சரி, இனி முக்கியமானது. பையில் வைத்துக் குறியைச் சரிசெய்ய ஏழெட்டுச் சன்னம் போதும். பெட்டியில் மிச்சமிருப்பதை மேசையை விட்டு எழும்பி, தடியில் சாத்திச் சுடுங்கள், றேஞ்ச் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு. இலக்குக்குக் கடதாசிச் சாப்பாட்டுத் தட்டு ஒன்று. மானின் நெஞ்சில் சுடவேண்டிய பகுதி ஏறக்குறைய அவ்வளவுதான். எந்தத் தூரத்தில் ஒவ்வொன்றும் தட்டில் விழுகிறதோ அதுதான் இந்த வருடம் உங்கள் தூரம். எனக்கு முதலில் அறுபது மீற்றர்கூட வரவில்லை.

அப்புறம், முதல் நாள் பக்கத்து மேசைக்காரர் சுட்டபோது நான் என்னையறியாமல் குனிந்துவிட்டேன். உங்களுக்கும் அப்படி வந்தால் வெட்கப்படாதீர்கள். காதுக்குள் பஞ்சடைப்பான், அதற்கு மேல் கவசம், இரண்டையும் போடுங்கள். சத்தம் பாதியானால் விசையில் விரல் பதறாது.