மழை விட்டு மூன்று நாளாச்சு… சொட்டு மட்டும் நிற்கவில்லையே!

கேள்வி: எங்கள் வீடு 1998-ல் கட்டியது, தரைத்தளம் மட்டும். மொட்டை மாடி 750 சதுர அடி. மே மாதம் பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டினோம். ‘பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு இறங்காது’ என்றார் கான்ட்ராக்டர். ஐப்பசி மழையில் ஹால் ஃபேன் கொக்கியிலும் படுக்கையறை மூலையிலும் சொட்ட ஆரம்பித்தது. மழை விட்டு மூன்று நாளாகியும் நிற்கவில்லை. படுக்கையறையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை விழுந்து கம்பி தெரிகிறது. ‘டைல்ஸ் இடுக்கில் கெமிக்கல் விடுகிறேன், நீங்கள் சீலிங்கில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிடுங்கள்’ என்கிறார். செய்யலாமா?
– வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் அந்த ஹால் ஃபேனுக்கான எம்.சி.பி.யை (மெயின் போர்டில் அந்த லைனை அணைக்கும் சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். கொக்கி வழியாகத் தண்ணீர் வருகிறது என்றால் கான்கிரீட்டில் புதைத்த ஒயர் குழாய்க்குள்ளும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை அந்த லைன் அணைந்தே இருக்கட்டும். இன்னொன்று, ஃபேனுக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று மாடியில் அந்த இடத்தை உடைக்க ஆரம்பித்துவிடாதீர்கள். எங்கேயோ இறங்கும் தண்ணீர் குழாயைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடி ஓடி, கொக்கியில் வந்து சொட்டும்.

மழை விட்ட பிறகும் சொட்டுவதுதான் உங்கள் கேள்வியிலேயே பெரிய தடயம். வெறும் விரிசல் வழியாக இறங்கினால் மழை நின்ற சில மணி நேரத்தில் சொட்டும் நிற்கும். நாள் கணக்கில் நீடித்தால், புது டைல்ஸுக்கும் பழைய தட்டோட்டுக்கும் நடுவில் உள்ள கலவை ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது. இந்த நிலையில் மேல் இடுக்கை கெமிக்கலால் அடைத்தால், உள்ளே போன தண்ணீர் வெயிலில் ஆவியாகும் வழியும் அடைபடும். அப்புறம் அதற்கு இருக்கும் ஒரே வழி உங்கள் சீலிங்.

தண்ணீர் உள்ளே புகுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, மழைநீர் இறங்கும் அவுட்லெட். டைல்ஸும் கலவையும் சேர்ந்து தளத்தை 1½ முதல் 2 அங்குலம் உயர்த்தியிருக்கும். குழாய் வாயோ பழைய மட்டத்திலேயே கிடக்கும். அங்கே குனிந்து பாருங்கள். வெட்டிய டைல்ஸ் ஓரத்துக்கு அடியில் கலவை திறந்தபடி தெரிந்தால், தண்ணீர் குழாய்க்குள் விழுமுன் அந்த இடுக்கில் நுழைகிறது. இரண்டு, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது முதலில் விடுவது அந்த இடம்தான். உங்கள் படுக்கையறை மூலைச் சொட்டுக்கு இதுதான் காரணமாக இருக்கலாம்.

கூடவே வாட்டத்தையும் சோதித்துவிடுங்கள். 10 அடிக்கு 1½ அங்குலச் சரிவு வேண்டும். அவுட்லெட்டிலிருந்து 25 அடி தள்ளியிருக்கும் மூலை சுமார் 3¾ அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். கொத்தனாரின் தண்ணீர் டியூபே இதற்குப் போதும். அப்படியே ஒரு மரக்கட்டையால் டைல்ஸை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் பிடிப்பு இருக்கிறது. ‘டொப்’ என்றால் அடியில் காலி, சாக்பீஸால் குறியுங்கள். பத்துக்கு மூன்று டைல்ஸுக்கு மேல் ‘டொப்’ என்றால் ஒட்டுப்போடுவது வீண், முழுக்கப் பெயர்ப்பதே மேல். அதற்கும் மேலே இன்னொரு அடுக்கு போடலாம் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். மே மாதம் ஏற்றிய அடுக்கே உங்கள் மாடிக்கு ஏறக்குறைய 7 டன் கூடுதல் சுமை.

இந்த மழைக்காலத்தை ஓட்ட: அவுட்லெட்டை ஒட்டிய ஒரு வரிசை டைல்ஸை அடிக்கலவையோடு உளியால் பெயர்த்துவிடுங்கள். உள்ளே தேங்கியது குழாய் வழியாக வடியும். தார்ப்பாயை கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கும்படி விரித்து மணல் மூட்டை வையுங்கள், ஆணி வேண்டாம்.

தை பிறந்து தளம் காய்ந்த பிறகு நிரந்தர வேலை. பிரேக்கர் மெஷின் வேண்டாம், அதிர்ச்சியில் பழைய கான்கிரீட்டில் புது விரிசல் விழும். கை உளியே சரி. பெயர்த்த பின், விரிசல்களை அரை அங்குல அகல ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். சுவர் மூலை முழுக்க 2 அங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை வைத்து, செங்கோண மூலையே இல்லாமல் செய்ய வேண்டும். அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கை: முதல் கை கிழக்கு மேற்காக என்றால் அடுத்தது வடக்கு தெற்காக. மூலைகளில் இரண்டு கைக்கும் நடுவே ஃபைபர் வலை. பூச்சு சுவரில் ஓரடி ஏற வேண்டும், அவுட்லெட் குழாய்க்குள்ளும் 3 அங்குலம் இறங்க வேண்டும். பலர் குழாய் விளிம்போடு நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் மறுபடி ஒழுகும்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்ப்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். 2 அங்குல உயரம் போதும். ஆனால் கம்பி தெரிகிற அறையின் மேல், சீலிங் வேலை முடியும்வரை கட்ட வேண்டாம்: 10-க்கு 10 அடியில் 2 அங்குலத் தண்ணீர் சுமார் 470 கிலோ. சோதனை தேறினால், வாட்டக் கலவையில் சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்ப்ரூஃப் லிக்விட் சேர்த்து, டைல்ஸுக்கு இடையே 4 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டச் சொல்லுங்கள். 10 அடிக்கு ஒரு இடம் பி.யூ. சீலன்ட் (ரப்பர் போல நெகிழும் பாலியூரித்தேன் அடைப்பு) வைத்த விரிவு ஜாயின்ட். இடைவெளியே இல்லாமல் நெருக்கி ஒட்டினால் கோடையில் டைல்ஸ் கூரை போலத் தூக்கிக்கொள்ளும்.

இனி சீலிங். காரை விழக் காரணம் ஈரம் மட்டுமல்ல, துருவும்தான். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அது தள்ளித்தான் காரை விழுந்திருக்கிறது. கட்டிலை நகர்த்துங்கள், சுற்றிலும் சுத்தியலால் தட்டி ‘டொப்’ என்கிற இடம் முழுவதையும் உதிர்த்துவிடுங்கள். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு தோண்டி, பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடிக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி தேய்ந்து 7 மி.மீ. ஆகியிருந்தால் கிட்டத்தட்ட கால்வாசி இரும்பு போய்விட்டது. அப்போது கொத்தனாரை விட்டுவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழையுங்கள்.

கம்பி நன்றாக இருந்தால் லேட்டக்ஸும் (பால் போன்ற செயற்கை ரப்பர் திரவம்) சிமென்ட்டும் குழைத்துப் பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவை வைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் பிரித்துவிடும். கலவை அளவு: சிமென்ட் 5 கிலோ, குவார்ட்ஸ் மணல் 15 கிலோ, எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ் 1 கிலோ. ஒரு தடவைக்கு அரை அங்குலம்தான். அதற்கு மேல் அப்பினால் தன் கனத்திலேயே விழும்.

பட்டியும் பெயின்ட்டும் கடைசி. 2 அடி சதுரப் பாலிதீன் தாளைச் சீலிங்கில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

கேள்வி: அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருக்கிறோம். சங்கம் மாடியைச் சரிசெய்துவிட்டது. எங்கள் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் மட்டும் ஓரிடம் தொப்பை விழுந்திருக்கிறது. பக்கத்தில் பழுப்பு வட்டம். இரண்டு முறை வெள்ளையடித்தும் வட்டம் திரும்ப வருகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: தொப்பைக்குள் இன்னும் தண்ணீர் நிற்கலாம். விளக்கு லைனை அணைத்து, கீழே வாளி வைத்து, நடுவில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு துளை போட்டு வடியுங்கள். தொங்கிய போர்டு காய்ந்தாலும் நிமிராது. அந்தத் துண்டை ஃப்ரேம் வரை வெட்டி மாற்றுங்கள். பழுப்பு வட்டம் தண்ணீரில் கரையும் கறை. எமல்ஷனும் தண்ணீர் கலந்ததுதான், அதனால் கறை ஊறி மேலே வந்துவிடும். காய்ந்த பிறகு ஆயில் பிரைமர் ஒரு கை அடித்துவிட்டு எமல்ஷன் அடியுங்கள்.

கேள்வி: மாடி வேலை செய்தவர் போனையே எடுப்பதில்லை. 1,40,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். பில் இல்லை, வாட்ஸ்அப்பில் பேசியதுதான்.
– வாசகர், திருநின்றவூர்

பதில்: வேறு ஆளை வைத்து உடைக்குமுன் எல்லாவற்றையும் படம், வீடியோ எடுங்கள்: அவுட்லெட், சுவர் மூலை, தேங்கிய தண்ணீர், சீலிங். வாட்ஸ்அப் உரையாடலும் பணம் அனுப்பிய வங்கிப் பதிவும் ஆதாரம்தான். ஒரு சிவில் இன்ஜினீயரிடம் குறைகளை எழுதி வாங்குங்கள். பிறகு 15 நாள் கெடு வைத்து, ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வழி கேட்க 1915 என்ற எண்ணை அழைக்கலாம். மழைச் சேதத்துக்கான செலவு ரசீதுகளையும் மனுவோடு சேருங்கள்.