எழும் நேரத்திலிருந்து அட்டவணையைத் தொடங்குங்கள்

கேள்வி: அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள வாடிக்கையாளருக்காக, திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடியே பிற்பகல் 2 மணி முதல் இரவு 11 மணி வரை வேலை செய்கிறேன். உறங்க 2 மணியாகிவிடுகிறது. எழும் நேரமோ நாளுக்கு நாள் மாறுகிறது. காலைப் பொழுது வீட்டு வேலைகளிலும் அலுவலகச் செய்திகளுக்குப் பதில் சொல்வதிலும் கரைந்துவிடுகிறது. அன்றாட ஒழுங்கை எப்படி அமைத்துக்கொள்வது? – ஒரு வாசகி

பதில்: அலுவலக நேரத்தை நடுவில் வைத்து, மீதியுள்ள நேரத்தில் மற்றவற்றைத் திணிக்கும் அட்டவணை நீடிப்பதில்லை. முதலில் எழும் நேரத்தை உறுதிசெய்யுங்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும் என்பதால், நள்ளிரவு 12.30-க்கு உறங்கி 7.45-க்கு எழுவது உங்களுக்குப் பொருந்தும்; விடுமுறை நாளிலும் இதை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். எழுந்தவுடன் மொட்டைமாடியிலோ வாசலிலோ அரை மணி நேரம் இருங்கள். விழித்திரையில் ஒளியை உணரும் ஒருவகைச் செல்கள் மூளையிலுள்ள உடல் கடிகாரத்துக்குப் பகல் தொடங்கியதைத் தெரிவிக்கின்றன. அதற்கு அறை விளக்கின் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தைவிட, பல ஆயிரம் லக்ஸ் தரும் வெளி வெளிச்சமே ஏற்றது.

வேலை முடிந்த பிறகு கழியும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் உங்கள் சிக்கலின் வேர் இருப்பதாக நினைக்கிறேன். இரவு உணவை 11 மணிக்குப் பிறகு தள்ளாமல், இடைவேளையில் 8.30 மணியளவில் முடித்துவிடுங்கள். காபியில் உள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும் என்பதால், கடைசிக் காபி 4 மணிக்கு முன் இருக்கட்டும். அலுவலகம் சென்றுவருபவர்களுக்கு வீடு திரும்பும் பயணமே வேலையிலிருந்து மனத்தை விலக்கிவிடுகிறது. உங்களுக்கு அது இல்லாததால், மறுநாளின் முதல் வேலையைத் தாளில் எழுதிவைத்து, மடிக்கணினியையும் கைபேசியையும் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டுக் குளிப்பதையோ சிறிது நடப்பதையோ வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

காலைப் பொழுதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன்: 'வீட்டில்தானே இருக்கிறாய்' என்று எல்லா வேலையும் உங்கள்மேல் விழுமானால், எந்த அட்டவணையும் அதைத் தீர்க்காது. யார் எதைச் செய்வது என்று வீட்டாருடன் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். அலுவலகச் செய்திகளைப் பிற்பகல் 2 மணிக்குப் பிறகே பார்ப்பதாக மேலாளரிடம் தெரிவித்துவிடுங்கள்.

இன்னொன்று: அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே கொண்டுவருவதால், அவர்களின் காலை 9.30 மணிக் கூட்டம் நமக்குக் கோடையில் இரவு 7 மணிக்கும் குளிர்காலத்தில் 8 மணிக்கும் வரும். உங்கள் வேலை நேரமும் அதோடு சேர்ந்து மாறுமானால், நவம்பரில் மாற்றத்துக்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே உறங்கும், எழும் நேரங்களை நாளுக்குக் கால் மணி நேரம் தாமதமாக்குங்கள். மார்ச்சில் அதே அளவு சீக்கிரமாக்குங்கள்.